கழுகின் தகப்பனார்

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம். அவள் என்றைக்கு நலமில்லாமல் இருந்திருக்கிறாள்? நானும் இந்த வரியை எழுதும் வரை நலம்தான். சாயங்காலம் எப்படி இருப்பேன் என்று சொல்வதற்கில்லை. அங்கே நீங்களும் வீட்டம்மாவும் பிள்ளைகளும் கை கால் முழுசாக, ஒருவருக்கும் பயப்படாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் சிமெண்ட் கிடங்கில் எனக்கு ஒரு வேலை வேண்டும். மூட்டை அடுக்கச் சொன்னாலும் சரி, எலி விரட்டச் சொன்னாலும் சரி. சிமெண்ட் மூட்டைக்குத் தகப்பனார் கிடையாது. அது ஒன்றே எனக்குப் போதும்.

விஷயம் இதுதான். ஆறாம் வகுப்புக்கு உணவுச் சங்கிலி நடத்திக்கொண்டிருந்தேன். சூரியன், புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பாதி வகுப்பு தூங்குகிறது, மீதிப் பாதி தூங்குகிறவர்களின் காதில் பேப்பரைச் சுருட்டி விட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து புலம்பினேன். உங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டே, "எழுதிப் போட்டா எவன் பாப்பான்? நடிக்க வைங்க. சக்தின்னு வாயால சொல்றதுக்குப் பதிலா ஒரு வாளி தண்ணிய வைங்க" என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். எனக்கு நேர்ந்த ஆபத்தெல்லாம் நல்ல யோசனையாகத்தான் ஆரம்பித்திருக்கிறது, மச்சான். (உங்கள் வீட்டில் பெண் எடுத்ததை நான் சொல்லவில்லை.)

மறுநாள் எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினேன். வகுப்பிலேயே சின்ன உருவம் ஒரு பெண், குண்டூசி என்று கூப்பிடுவார்கள், அவள்தான் புல். அவளுக்கு ஒரு வாளி நிறையத் தண்ணீர். தனக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை மட்டும்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், மிச்சத்தைத் தரையில் ஊற்றிவிட வேண்டும். அது மூச்சு விட்டதில், ஓடியாடியதில், உடம்புச் சூட்டில் போய்விட்ட சக்தி. புல் வெட்டுக்கிளிக்கு ஒரு சொம்பு கொடுத்தது, வெட்டுக்கிளி தவளைக்குக் கொஞ்சம், தவளை பாம்புக்கு ஒரு வாய் கூட இல்லாத அளவு. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. கடைசியில் கழுகுக்கு மருந்து பாட்டில் மூடியின் அடி நனையும் அளவுக்குத்தான் வந்து சேர்ந்தது. கழுகு அதை வெயிலில் நின்றபடி உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கியது.

"சார், நான்தானே எல்லாரையும் விடப் பெரியவன்?"

பாடம் இவ்வளவு அழகாக அமைந்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அதனாலதாண்டா உனக்குக் கொஞ்சம்!" என்று கூவிவிட்டேன். கழுகு செத்தால் அதைப் புழுவும் பூஞ்சையும் தின்னும் என்பதையும் ஒரு வேகத்தில் சேர்த்துச் சொன்னேன்.

அந்தக் கழுகின் தகப்பனார் யார் என்று எனக்குத் தோன்றாமல் போனது என் தலையெழுத்து. லாரிக்காரர். ஊரில் ஓடுகிற பாதி லாரி அவருடையது. பள்ளி நிர்வாகக் குழுவில் அவர் தும்மினால் மற்றவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். பையன் வீட்டுக்குப் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: "சார் எல்லாருக்கும் தண்ணி குடுத்தாரு, எனக்கு மட்டும் குடுக்கல. நான் செத்தா புழு தின்னுமாம்."

நேற்றுக் காலையில் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "அவரு வர்றாராம். நீங்களே பேசிக்குங்க, எனக்கு பேங்க் வரைக்கும் போகணும்" என்றார். நேற்று பேங்க் விடுமுறை. சொல்வதற்குள் மனிதர் சைக்கிளில் ஏறி மிதித்துவிட்டார். வாசலில் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. என் கால் இரண்டும் என்னைக் கேட்காமலேயே ஆய்வுக்கூடத்துக்குப் போய், ஜீரண உறுப்புகள் வரைந்த பெரிய துணிப்படத்துக்குப் பின்னால் நின்றுகொண்டன. பெருங்குடலுக்குக் கீழே என் செருப்பு தெரிந்திருக்கிறது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள்தான், கோரஸாகக் கத்தினார்கள்: "சார் இங்க ஒளிஞ்சிருக்காரு!"

படம் மெதுவாக விலகியது. மச்சான், அவர் கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். மெல்லிய குரலில் பேசினார்.

"என்ன சார், மேல இருக்கறவனுக்குத்தான் கம்மியாமே? எந்த ஊரு நியாயம் இது?"

"இயற்கை சார்" என்றேன். "வழியில சக்தி குறைஞ்சுகிட்டே வரும் சார்."

"குறையுதுன்னா என்ன அர்த்தம்? யாரோ எடுக்கறான்னு அர்த்தம். முப்பது வருஷமா சரக்கு ஏத்தறேன், எனக்குத் தெரியாதா? யாரு, வெட்டுக்கிளியா தவளையா? வாங்க, என் எதிர்லயே இன்னொரு தடவை நடத்துங்க."

நடத்தினேன். வாளியை அவசரமாகத் தூக்கியதில் பாதித் தண்ணீர் என் வேட்டியிலேயே போயிற்று. அவர் ஒவ்வொரு பிள்ளையின் தோளுக்கு மேலும் குனிந்து பார்த்தார். தவளை மிச்சத்தைத் தரையில் சாய்த்ததும், "ஏய் தவளை! எதுக்குடா கீழ ஊத்தறே?" என்று ஒரு அதட்டல். தவளைக்கு விக்கல் எடுத்துக்கொண்டது. பதில் சொன்னது புல்.

"அது குதிக்குதில்ல மாமா? குதிச்சா செலவாகும்."

"குதிக்க வேணாம்னு சொல்லு."

"குதிக்காட்டி பாம்பு புடிச்சுடும்."

"புடிக்கட்டுமே! நம்ம பையனுக்குச் சீக்கிரம் வந்து சேரும்ல?"

குண்டூசி அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "நடுவுல இருக்கற இவங்க எல்லாரையும் எடுத்துருங்க சார். எம் பையன் நேரா புல்லுகிட்டயே வாங்கிக்கட்டும். ஒரு சொம்பாவது தேறும்."

இங்கேதான் அது நடந்தது. நான் பேசவில்லை மச்சான், சத்தியமாக. வாய் தானாகத் திறந்தது. "கழுகு புல் தின்னாது சார். தின்னா அது கழுகு இல்ல, மாடு."

தவளையின் விக்கல் சட்டென்று நின்றுவிட்டது. அப்புறம் எவனோ ஒருவன் களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சிரிக்க, கழுகு அண்ணாந்து, "அப்பா, நான் மாடா?" என்று கேட்டது. லாரிக்காரர் சிரிக்கவில்லை. மருந்து மூடியைக் கையில் வாங்கி, கவிழ்த்து, விழுகிற சொட்டை எண்ணுகிற மாதிரி பார்த்தார். விரலை மடக்கி என்னவோ முணுமுணுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு வர்றேன்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

"நாளைக்கு வர்றேன்" என்பதற்கு எத்தனை அர்த்தம் இருக்கும் என்று யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனியாக வருவாரா, ஆட்களோடு வருவாரா? வேலை மட்டும் போகுமா, கூடவே பல்லும் போகுமா? உங்கள் தங்கையிடம் சொன்னால், "வரட்டுமே, ஒரு சேர எடுத்துப் போடுங்க" என்கிறாள். ஆனால் மச்சான், இத்தனைக்கும் நடுவே ஒன்று உறுத்துகிறது. நான் சொன்னது சரி. மாற்றிச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன், முப்பத்தைந்து பிள்ளைகள் கழுகு புல் தின்னும் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதை நினைத்தால் அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

பெட்டி கட்டிவிட்டேன். இப்போது பள்ளிக்கூடம் போய் ராஜினாமாவை மேஜையில் வைத்துவிட்டு, அவர் வருவதற்குள் பின்வாசல் வழியாக பஸ் நிலையம் போவதாக உத்தேசம். கிடங்கில் ஒரு மூலையை ஒழித்து வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், யாருக்கும் பாடம் நடத்தாமல் இருக்கட்டும்.

உங்கள் நிழலில் ஒதுங்க வரும்,
தங்கை கணவன்

பி.கு.: மூலையை ஒழிக்க வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பின்வாசலில் ஒரு தண்ணீர் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது, மேலே லாரிக்காரர். "ராவெல்லாம் கணக்குப் போட்டேன் சார். எம் பையனுக்கு ஒரு டம்ளர் வேணும்னா, புல்லுக்குப் பத்தாயிரம் டம்ளர் ஊத்தணும். சரியா?" என்றார். சரி, மச்சான்! என் வகுப்பில் ஒருவன் கூடப் போடாத கணக்கு. குழாயைத் திறந்துவிட்டார். மைதானம் குளமானது; வெட்டுக்கிளி வழுக்கி விழுந்தது, தவளை நிஜமாகவே குதித்தது, கடைசியில் கழுகு ஒரு டம்ளர் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தது. தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குண்டூசியைக் காட்டி, "இந்தப் புல்லு மேல எவனும் கால் வைக்கக் கூடாது, ஆமா!" என்று தலைமை ஆசிரியரை ஓர் அதட்டல் அதட்டினார், அவர் எதற்கென்று தெரியாமலேயே ஓரமாக நகர்ந்துகொண்டார். இனிமேல் என் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் வருவாராம். அடுத்த பாடம் என்ன என்று கேட்டார். யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்: தீயும் எரிபொருளும். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. அவரிடம் டீசல் ஏற்றுகிற டேங்கர் லாரியும் இருக்கிறதாம்.