படகோட்டியும் கண்ணாடிக்காரரும்

மனைவியை அழவைத்த புத்தகத்தை வீட்டை விட்டு விரட்டிவிடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். விரட்டுவதற்கு முன் அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட நினைத்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக வில்லை பொருத்துகிறார். ஊரில் பாதிப் பேர் அவர் தயவில்தான் எழுத்துக் கூட்டுகிறார்கள். ஆனால் அவர் கடைசியாகப் படித்தது கடைச்சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை. அதிலும் அடி வரி தெரியாது.

ஒரு வாரமாக மழை. வீட்டில் பேச்சில்லை. சண்டையும் இல்லை. சண்டைக்கும் நாலு வார்த்தை வேண்டுமே. அன்று சாயங்காலம் மனைவி ஜன்னலோரம் ஒரு தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். லேசில் கண் கலங்குகிறவள் அல்ல. மாமனார் செத்த வீட்டில்கூட, எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று தலை எண்ணிக்கொண்டிருந்தவள்.

"என்ன கதை அது?"

"நானூறு வருஷத்துக்கு முந்தின கதை. அரண்மனைத் தையல்காரி ஒருத்தி, படகோட்டி ஒருத்தி. ரெண்டு பேரும் காதலிக்கிறாங்க."

கண்ணாடிக்காரர் யோசித்தார். "ரெண்டும் பொண்ணு."

"ஆமா."

"அப்ப வீட்ல ஆம்பள?"

"இல்ல. அதான் கட்டில் மேல ஈரத்துண்டு கிடக்கல."

அவர் எழுந்துபோய் ஈரத்துண்டை எடுத்தார். பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. "இப்படி ஒருத்தி கூட இருந்தா மனுஷிக்கு வேற என்ன வேணும்."

அது மீன்முள் மாதிரி அவர் தொண்டையில் நின்றது. இருபத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ். இவளுக்கு நான் வேண்டாமோ? கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் மதியம் சாப்பிட வந்தவர், ஆளில்லாத வீட்டில் புத்தகத்தைத் திறந்தார். முதல் பத்துப் பக்கம் கொட்டாவி. இருபதாம் பக்கத்தில் படகோட்டி தோணியிலிருந்து இறங்கி, கிழிந்த சட்டையைத் தையல்காரியிடம் நீட்டினாள். அதோடு சாப்பாடு ஆறிப்போனது. அன்று கடைக்கு அரை மணி தாமதம்.

மூன்றாம் நாள் ஒரு பென்சில் கோடு கண்ணில் பட்டது. அவள் இரண்டாம் தடவை படிக்கிறாள் போலிருக்கிறது. 'தையல்காரி விழிக்கும் முன்பே வெந்நீர் காய்ந்திருந்தது' என்ற வரியின் கீழே கோடு. ஓகோ, இவள் மனக்குறை இதுதானா? மறுநாள் காலையில் வெந்நீரை அவரே போட்டார்.

மனைவி வெந்நீரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குளிக்கப் போனாள்.

அடுத்த கோடு: 'அவள் பேசத் தொடங்கியதும் இவள் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள்.' கண்ணாடிக்காரர் கைப்பேசியைக் கீழே வைக்கப் பழகினார். 'ஒழுகும் கூரையைப் படகோட்டி அடைத்தாள்.' மழையில் நனைந்தபடி அடைத்தார். 'பழைய பெட்டிகளை அவளே இறக்கிவைத்துத் துடைத்தாள்.' பரணிலிருந்து ஒன்பது பெட்டி இறங்கின. இடுப்பு அன்றைக்குப் பிடித்தது.

ஒருநாள் மனைவி கேட்டாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"நான் பேசினா கேக்கறீங்க."

கடைசி அத்தியாயத்துக்கு அவர் வந்த மதியமும் மழைதான். புயலில் போன தோணி திரும்பவில்லை. தையல்காரி இரண்டு கிண்ணத்தையும் கழுவி, இரண்டையும் அடுப்புப் பக்கத்தில் கவிழ்த்துவைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. கண்ணாடிக்காரர் மூக்கை உறிஞ்சினார். மேசை மேல் அவர்கள் வீட்டுத் தம்ளர் இரண்டு அப்படித்தான் கவிழ்ந்திருந்தன.

"முடிச்சாச்சா?" மனைவி வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். மழைக்காக மருந்துக்கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்கள்.

"சும்மா தூசி தட்டினேன்."

"டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நான். உங்க மூஞ்சி அச்செழுத்து."

அவருக்கு வெட்கம் போய்விட்டது. "கோடெல்லாம் என்கிட்ட உள்ள குறைங்கதானே? நேராவே சொல்லியிருக்கலாம்."

"முதல் தடவை படிக்கிறப்ப ஒரு கோடும் போடல. நாள் பூரா ஊரார் கண்ணாடியில விரல் ரேகை துடைக்கிறீங்க. இந்த வழவழ அட்டையை ஒரு தடவை துடைச்சிருக்கலாம். அதுல உங்க ரேகையைப் பார்த்த பிறகுதான் பென்சில் எடுத்தேன். படிக்கிற ஆளை எதுக்கு வீணாக்கணும்?"

அவர் ஒன்பது பெட்டியையும் நினைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டார். "அன்னைக்கு ஏன் அழுத?"

அவள் ஈரச்செருப்பைக் கழற்றினாள்.

"அவங்களுக்குக் கிடைச்சது பதினோரு வருஷம். நமக்கு இருபத்திரண்டு ஆயிடுச்சு. அதுல நாம பேசினதையெல்லாம் சேர்த்தா எத்தனை பக்கம் வரும்னு நினைச்சேன்."

கண்ணாடிக்காரர் எழுந்து, கவிழ்ந்திருந்த இரண்டு தம்ளரையும் நிமிர்த்தித் தேநீர் ஊற்றினார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடித்தார்கள். மழை விடவில்லை.

"தோணி திரும்பி வந்துச்சா?" என்று கேட்டார்.

மனைவி கைப்பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்து வைத்தாள். முதலாவதைவிடத் தடிமன். "ரெண்டாம் பாகம். நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குங்க."

அவர் ஆசையாகத் திறந்தார். முதல் பக்கத்திலேயே பென்சில் கோடு இருந்தது: 'உப்புக்காற்று அரித்த சுவர்களுக்கெல்லாம் அவள் தன் கையாலேயே வெள்ளை அடித்தாள்.'

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. கண்ணாடிக்காரர் பக்கத்து வீட்டில் ஏணி கேட்டுக்கொண்டிருந்தார்.