மோட்டார் அறைக்கு மாறிய ஐக்கியம்

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அவருடைய கிருபையால் வீட்டில் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் வயிறு எரிகிறது, அக்கா. சாப்பாட்டினால் அல்ல.

எங்கள் பல்கலைக்கழக ஊழியர் ஜெப ஐக்கியத்தை ஒன்பது வருடமாக நடத்துகிறவன் நான். புதன்கிழமை மதிய இடைவேளையில், தேர்வுப் பிரிவில் என் மேசைக்குப் பின்னாலுள்ள சின்ன அறையில் பத்துப் பேர் கூடுவோம். யார் ஆவியில் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் மதிப்பெண் போட்டு வருகிறேன். என்னைத் தவிர யாரும் எழுபதைத் தாண்டவில்லை. இப்படி ஒழுங்காக நடந்த கூட்டத்துக்குத் தண்ணீர் மோட்டார் ஆபரேட்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். வேதாகமத்தில் ஆமோஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்று பொருளடக்கத்தில் தேடுகிற மனிதர். மரியாதைக்கு ஜெபிக்கச் சொன்னேன். "ஆண்டவரே, டைப்பிஸ்ட் அக்கா மகன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். வீட்டுக்கு வரச் சொல்லுங்க. ஆமென்." அவ்வளவுதான்! டைப்பிஸ்ட் அம்மா விம்மி விம்மி அழுதார். நான் சிருஷ்டிப்பில் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் ஜெபித்தபோது கொட்டாவி விட்ட அதே அம்மா. மறுவாரம் மகன் வந்துவிட்டான். அதிலிருந்து எல்லோருக்கும் அவர்தான் ஜெபிக்க வேண்டும்.

ஒரு தப்புச் செய்தேன், அக்கா. விடைத்தாள் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, அந்த அறையைப் பூட்டும்படி நானே பராமரிப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். கூட்டம் கலைந்துவிடும், பிறகு என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். அவரோ, "கவலைப்படாதீங்கண்ணே, நம்ம மோட்டார் ரூம் இருக்கே" என்றார். இப்போது முப்பது பேர் வருகிறார்கள். அதில் இரண்டு பேராசிரியர்கள்! நான் வசன விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. அவர் ஜெபிக்கும்போது மட்டும் ஊமையாகிவிடுகிறது.

விடக்கூடாது என்று மூன்று நாள் உபவாசம் அறிவித்தேன். இரண்டாம் நாள் சான்றிதழ் கவுன்டரில் மயங்கி, முத்திரை மைப்பெட்டியில் முகம் குப்புற விழுந்தேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வளாக மருத்துவமனைக்கு ஓடியது யார் என்று நினைக்கிறாய்? கட்டிலருகே நின்று, "ஆண்டவரே, அண்ணனுக்குப் பசி தாங்காது, அவரைப் பாத்துக்கோங்க" என்று ஜெபித்தார். நான் கண் திறந்தேன். அதுவும் அவருடைய ஜெபத்தின் பலன் என்று வளாகம் முழுக்கப் பேச்சு! குளுக்கோஸ் ஏற்றிய நர்ஸின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. நாளை புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்களாம்.

உங்கள் ஊரில் எங்கேயாவது மோட்டார் ஆபரேட்டர் வேலை காலியிருந்தால் உடனே தெரிவிக்கவும். நல்ல மனிதர், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சமாதானத்தின் தேவன் உன்னையும் அத்தானையும் காப்பாராக. எனக்கும் அதில் கொஞ்சம் கேட்டு வாங்கிக் கொடு.

இப்படிக்கு,
நிம்மதியற்ற தம்பி

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் அவரே வீட்டுக்கு வந்தார். கையில் இடமாற்றம் கேட்டு எழுதிய மனு. "உங்க இடத்துல நான் வந்து உக்காந்த மாதிரி ஆயிடுச்சுண்ணே. மனசு கேக்கல. நான் போயிடறேன்" என்றார். எனக்கு என்ன வந்ததோ, அறையைப் பூட்ட வைத்தது நான்தான் என்று உளறிவிட்டேன். "தெரியும்ணே, பூட்டுப் போட்டவரே சொன்னாரு." "பின்ன ஏன்யா கேக்கல?" "கேட்டா நீங்க கூட்டத்துக்கு வராம நின்னுடுவீங்களே." மனுவை வாங்கிக் கிழித்துவிட்டேன். வேலையெல்லாம் தேட வேண்டாம், அக்கா. நாளை என் ஓட்டு அவருக்குத்தான். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி வாசலில் நிற்கிறார். வீட்டில் பசை தீர்ந்துவிட்டது. உறையை ஒட்டாமலே கொடுக்கிறேன். பிரித்துப் பார்க்க மாட்டார். அதுதான் எனக்கு எரிச்சல்.