செகரட்டரி சாரைத் தின்றவன்

குழந்தைகளோடு சேர்ந்து சமைப்பதன் மகிமையைப் பற்றி வாய் கிழியப் பேசும் அப்பாக்களை நம்பாதீர்கள். நானும் அப்படிப் பேசியவன்தான்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் (அஞ்சே வீடு, அதற்கும் ஒரு அசோசியேஷன்!) கிறிஸ்துமஸ் கொண்டாடுவது நாங்கள் மட்டும்தான். முந்தின நாளே மற்ற வீடுகளுக்குத் தட்டில் பலகாரம் போகும். அந்த வருஷம் மகள் ஜெனிக்கு ஐந்து வயது. கலகலாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த என் மனைவி ஸ்டெல்லாவிடம், "புள்ளைய ஃப்ரீயா விடு. சமையலும் ஒரு ஆர்ட்தான்" என்று அளந்துவிட்டேன். (எனக்குத் தெரிந்த சமையல், வெந்நீர்.)

வழக்கமாக மாவு உருண்டையை ஃபோர்க்கின் முதுகில் உருட்டி எடுப்போம். வரிவரியாகச் சுருண்டு வரும். ஜெனியோ மதியம் முழுக்க நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்து, அக்கம்பக்கத்து மனிதர்களையே மாவில் செய்துவிட்டாள். மாடி வீட்டு ஆன்ட்டிக்குத் தலையைவிடப் பெரிய கொண்டை. அசோசியேஷன் செகரட்டரி சாருக்கு, ஐயையோ, முழுக்கத் தொப்பை! தொப்புளுக்கு ஒரு கிராம்பு வேறு. எண்ணெயில் போட்டதும் அந்தத் தொப்பை இன்னும் உப்பிவிட்டது.

"அவங்கவங்க தட்டுல அவங்கவங்கள வைக்கணும்ப்பா. பார்த்ததும் சிரிப்பாங்க" என்றாள்.

கார் நிறுத்த இடம் கேட்டு செகரட்டரி சாரிடம் நான் கெஞ்சிக்கொண்டிருந்த சமயம் அது. அம்மாவும் மகளும் புது கவுன் போடப் போன நேரத்தில், மெயின் ரோட்டு பேக்கரிக்கு ஓடி ஒரு பாக்கெட் கலகலா வாங்கிவந்து தட்டுகளில் கொட்டித் துணியால் மூடினேன். ஜெனி செய்தவர்களை ஒளித்துவைப்பதற்குள் கொலுசுச் சத்தம் கேட்டது. வேறு வழி தெரியாமல் எல்லோரையும் தின்றுவிட்டேன். செகரட்டரி சார் உள்ளே வேகவே இல்லை.

முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனோம். கதவு திறந்ததுமே, "அங்கிள், உள்ள நீங்க இருக்கீங்க!" என்று ஜெனி துணியை விலக்கினாள். விரலால் கிளறினாள். அடிவரை கிளறினாள்.

"அப்பா, அங்கிள் எங்க?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். கிராம்பு வாசனை குப்பென்று அடித்தது.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்றவள், அவர் பக்கம் திரும்பி ஓவென்று அழுதாள். "அங்கிள், எங்கப்பா உங்களச் சாப்ட்டுட்டாரு!"

விஷயத்தைக் கேட்டுக்கொண்ட செகரட்டரி சார் என்னைப் பார்த்தார். "என்ன சார் நீங்க? என் தொப்பை ஊருக்கே தெரியும். குழந்தை செஞ்சத ஒரு தடவை கண்ணுல காட்டியிருக்கலாமே" என்றார். பிறகு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நான் எப்படிம்மா இருந்தேன்?" என்று கேட்டார். அவள் விசும்பிக்கொண்டே காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

இன்றைக்கும் மாடி வீட்டு ஆன்ட்டி படியில் பார்த்தால், "இன்னிக்கு யாரை சார் சாப்ட்டீங்க?" என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

ஆனால் ஜெனி அதற்கப்புறம் பொம்மை செய்யவே இல்லை. இப்போது அவளுக்குப் பதினொன்று. மன்னிப்பெல்லாம் எப்போதோ கேட்டாயிற்று. அவளும் "பரவால்லப்பா" என்றுவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்கு அச்சடித்தது போல ஒரே அளவாகக் கலகலா உருட்டிக்கொண்டிருந்தவளிடம், ஒரு பிடி மாவை நகர்த்தினேன்.

"இந்தத் தடவை அப்பாவச் செஞ்சு குடேன், குட்டி."

நிமிரக்கூட இல்லை. கோபமும் இல்லை.

"வேணாம்ப்பா. யாராவது பார்த்துட்டா உங்களுக்குத்தான் அசிங்கம்."