எண் 7, பெயர் முடிவாகாத தெரு

ஓசூர்,
14.6.2006, புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் தவமணி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை ராசாத்தியும் உங்கள் மருமகள் லாவண்யாவும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். கம்பத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திராட்சைக்கு இந்த வருஷம் நல்ல காய்ப்பு என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

போச்சம்பள்ளி கம்பெனியிலிருந்து லாவண்யாவுக்கு இன்டர்வியூ கடிதம் வந்ததா என்று நீங்கள் இரண்டு தடவை போன் செய்தீர்கள். இரண்டு தடவையும் ராசாத்தி ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கி, "வரலண்ணே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். ஏன் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வருகிற திங்கட்கிழமை இன்டர்வியூ. லாவண்யாவோடு டிப்ளமோ படித்த ஸ்வாதிக்குக் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கம்பெனி வாசலில் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் தபால்ல அனுப்பியாச்சு சார், அந்த லெட்டர் இல்லாம உள்ள விடமாட்டோம்" என்று செக்யூரிட்டி கையை விரித்தார். விண்ணப்பத்தில் பிழை இருக்குமோ என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு வழியே இல்லை. லாவண்யா கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்பதால் முழு விண்ணப்பத்தையும் நானே என் கைப்பட, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். பதினெட்டு வருஷமாகக் கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருக்கிறவன் நான். குற்றம் முழுக்க இந்தத் தெருவுடையது.

எங்கள் தெருவுக்குப் பெயர் கிடையாது மச்சான். மனை போட்டு விற்றவர் நகருக்கு மட்டும் ஒரு சாமி பெயரை வைத்துவிட்டுப் போய்விட்டார். பதினோரு வீடு, ஒரு வேப்பமரம், கடைசியில் சாந்தம்மாவின் மாட்டுக்கொட்டகை, இவ்வளவுதான் தெரு. எல்லோரும் சேர்ந்து ஒரே பெயராக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பலகை வைத்துத் தருவதாக நகராட்சி அலுவலகத்தில் சொன்னார்கள். நலச்சங்கத்துக்கு நான் செயலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் போட்டு, பத்தரைக்கு முடித்து, பதினொரு மணிக்குக் கறி எடுக்கப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அன்று எங்கள் வீட்டில் ரசம்தான்.

முதலில் எழுந்தவர் நாலாம் நம்பர் சரோஜம்மாள். விருதுநகர்க்காரர், ஓய்வுபெற்ற டீச்சர். "காமராசர் தெருன்னு வைங்க. ரெண்டே வார்த்தையில வேலையை முடிக்கிற மனுஷன். வளவளன்னு பேசவே மாட்டாரு" என்று ஆரம்பித்தார். அவர் எவ்வளவு குறைவாகப் பேசுவார் என்பதைச் சரோஜம்மாள் ஒன்றேகால் மணி நேரம் விளக்கினார். நடுவில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் உட்கார்ந்ததும் ஒன்பதாம் நம்பர் மைக்கேல்ராஜ் எழுந்தார். தூத்துக்குடிக்காரர். "அண்ணாச்சி, வெள்ளைக்காரன் கண்ணு முன்னாலயே கப்பல் விட்டவரு எங்க வ.உ.சி. அந்தத் தைரியம் எவனுக்கு வரும்? அவரு பேரைத்தான் வைக்கணும்" என்று மேசையைத் தட்டினார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கொழும்புக்குக் கப்பல் விட்டவரைக் கும்பிடுகிற இவரால் வாரத்தில் மூன்று நாள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடிவதில்லை. அந்த மூன்று நாளும் என் வண்டியின் பின்சீட்டில்தான் வருகிறார்.

பிறகு தருமபுரிக்காரர் மாதவன், இரண்டாம் நம்பர். "ஏங்க, எங்கிருந்தோ ஆளைக் கூட்டிட்டு வரீங்க. நம்ம மண்ணை ஆண்டவரு அதியமானுங்க. சாவே வராத நெல்லிக்கனி கையில கிடைச்சும், தான் திங்காம ஔவையாருக்குக் குடுத்தாருங்க. அந்த மனசு யாருக்குங்க வரும்?" என்று கண் கலங்கினார். மாதவன் வீட்டில் ஒரு கொய்யாமரம் இருக்கிறது. அதன் கிளை ஒன்று எங்கள் பக்கம் சாய்ந்தது என்பதற்காகச் சுவரின் மேல் கண்ணாடிச் சில் பதித்து, கொய்யாவுக்கெல்லாம் பழைய துணியைச் சுற்றி நூல் கட்டி, எத்தனை காய் என்று தினமும் எண்ணுகிற ஆள் அவர். போன மாதம் ஒரு காய் குறைந்தது என்று என் வீட்டுக் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

கடைசியில் சாந்தம்மா. இந்த மனை எல்லாம் ஒரு காலத்தில் அவர் ராகி விதைத்த நிலம். வீட்டில் கன்னடம், நம்மிடம் தமிழ், மாட்டிடம் தெலுங்கு. "ஏனு சார், நீங்க எல்லாம் நேத்து வந்தவங்கோ. கித்தூர் ராணி சென்னம்மா பேரு இடுங்கோ. குதிரை மேல குந்தி, கத்தி புடிச்சு, கும்பெனிக்காரன எதுத்து நின்ன பொம்பள சார் அவங்கோ. யாருக்கும் பயப்படமாட்டாங்கோ" என்றார். மற்ற மூவரும் ஏதாவது ஒன்று தங்களிடம் இல்லாததால் பெரியவர்களைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், சாந்தம்மாவுக்கு மட்டும் அந்தக் குறை இல்லை, அவரும் யாருக்கும் பயப்படமாட்டார் என்று நினைத்தேன். அப்போது மேசைக்கடியில் ஒரு பல்லி ஓடியது. ராணியின் பக்தை நாற்காலி மேல் ஏறி நின்று "அய்யய்யோ" என்று போட்ட சத்தத்தில் கூட்டம் கலைந்தது.

அன்றைக்கு நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன் மச்சான். ஒருவருக்கு எந்தப் பெரியவரைப் பிடிக்கிறது என்று கேட்டால் போதும், அவரிடம் எது இல்லை என்று தெரிந்துவிடும். இந்த விதிக்கு விலக்கு கிடையாது. எனக்குப் பிடித்தவர் யார் என்று எல்லோரும் கேட்டார்கள். செயலாளர் என்பவன் தராசு முள், எந்தப் பக்கமும் சாயக் கூடாது, எனக்கென்று யாரும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். பதினோரு வீட்டில் இந்த ஒரு வீட்டில்தான் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதோடு விட்டார்களா? அடுத்த வாரமே அவரவர் கேட்டில் பெயின்ட் வாங்கி எழுதிவிட்டார்கள். இரண்டாம் நம்பரில் அதியமான் தெரு, நாலில் காமராசர் தெரு, ஒன்பதில் வ.உ.சி. தெரு, கொட்டகைச் சுவரில் சாணி வறட்டிக்கு நடுவே ராணி சென்னம்மா பீதி. பீதி என்றதும் பயந்துவிடாதீர்கள், கன்னடத்தில் தெருவுக்கு அப்படித்தான் பெயர். கேஸ் சிலிண்டர்காரர் ஒரே தெருவுக்குள் நாலு தெருவைத் தேடி, சிலிண்டரை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுப் போனார். சரோஜம்மாள் தெரு முழுவதற்கும் சேர்த்து, காமராசர் தெருவுக்கு என்று தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருந்தார். டிரைவர் திருப்பத்தில் அதியமானைப் பார்த்துவிட்டு, இது வேறு தெரு என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மூன்று நாள் தெருவில் தண்ணீர் இல்லை. மற்றவர்கள் தொட்டியில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்கள். எங்கள் தொட்டிதான் குழி தோண்டி நாலு வருஷமாகியும் பூச்சு முடியாமல் இருக்கிறதே. அது வேறு கதை, அதை இங்கே கொண்டுவர வேண்டாம். லாவண்யாவும் நானும் சாந்தம்மா கொட்டகையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம்.

இப்படிப்பட்ட தெருவுக்குக் கடிதம் எப்படி மச்சான் வரும்? இரவு ஷிப்ட் முடிந்து வந்து தபால்காரர் முனிவேலைத் தினமும் வழிமறிக்கிறேன். நேற்று கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். "சார், நாலு பேரும் எனக்கு மனப்பாடம். அதுல எந்தப் பேர்ல வந்தாலும் கொண்டாந்து குடுத்துருவேன். உங்க பாப்பாவுக்கு வரலீங்க, நான் என்னா பண்றது?" என்கிறார். நான் நம்பவில்லை. லாவண்யா தினமும் பதினொரு மணிக்குக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முனிவேல் சைக்கிள் தாண்டிப் போனதும் உள்ளே போய்ச் சர்டிபிகேட்டுகளை எடுத்து மறுபடி அடுக்குகிறாள். முதல் வகுப்பில் தேறிய பெண். இந்த வேலை கிடைக்கவில்லை என்றால் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட வேண்டியதுதான் என்று ராசாத்தி சொல்லிவிட்டாள். பெண்ணுக்கு அதில் விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். செத்துப்போன பெரியவர்களுக்காக இந்த நாலு பேரும் சண்டை போட்டு, உயிரோடு இருக்கிற என் பிள்ளை பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள். நேற்று மாலை நாலு வீட்டுக்கும் போய் இதை முகத்துக்கு நேராகச் சொன்னேன். சரோஜம்மாளே பதில் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செயலாளர் பதவியையும் ராஜினாமா செய்துவிட்டேன். இனி இந்தத் தெருவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

உங்களுக்குத் தெரிந்தவர் அந்தக் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னீர்களே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சின்னவர்களுக்கு எங்கள் ஆசி. அக்காவுக்கு என் வணக்கம். சுருளி அருவிப் பக்கம் போனால் எங்கள் பெயருக்கும் ஒரு முழுக்குப் போடுங்கள், இங்கே குளிக்கவே தண்ணீர் இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த,
தவமணி.

பின்குறிப்பு: வியாழன் காலை. உறையை ஒட்டுவதற்கு முன் முனிவேல் வந்துவிட்டார். கையில் லாவண்யாவின் இன்டர்வியூ கடிதம். "வேற ஏரியா போஸ்ட்மேனுங்க கையில பத்து நாளா ஊரெல்லாம் சுத்தியிருக்குதுங்க. இன்னிக்கு வந்த இடத்துக்கே திருப்பி அனுப்ப எடுத்து வச்சாங்க. லாவண்யா, ஏழாம் நம்பர்னு பாத்தேன், சந்தேகத்துல எடுத்தாந்தேன். ஆமா, யாருங்க சார் இவரு?" என்று உறையைக் காட்டினார். விண்ணப்பத்தில் இருந்ததை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள்: எண் 7, கர்னல் ஜான் பென்னி குவிக் தெரு, ஓசூர்.

மச்சான், விண்ணப்பத்தில் தெருப் பெயருக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட மனசு வரவில்லை. அன்றைக்குக் குடம் சுமந்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன், கை தானாக எழுதிவிட்டது. பெயர் நீளம், கட்டம் நிறைந்துவிட்டது, நகர் பெயருக்கு இடமில்லை. எழுதியதை மறந்தேவிட்டேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ராசாத்தியும் நம்பவில்லை. "கவர்மென்ட் கைவிட்ட அணையை, சொந்தச் சொத்தை வித்தாவது கட்டி முடிச்சாருன்னு சொல்லுவாகளே, அவருதானே? ஆரம்பிச்சதை முடிச்ச மனுசன். அதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று தொட்டிக் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் விதியை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

லாவண்யா கோபித்துக்கொள்ளவில்லை. "ஏம்ப்பா, மீட்டிங்ல ஒரு தடவை இந்தப் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். சிரிப்பார்களோ என்று பயமாக இருந்தது மச்சான். நம் கம்பத்தில் அவர் படம் இல்லாத டீக்கடை உண்டா? இங்கே அவர் கட்டிய அணைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான் ஒருவன்தானே, யாரிடம் சொல்வது? இப்போது நாலு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மாதவன் லாவண்யாவுக்கு என்று ஒரு கொய்யா கொடுத்தார், துணியைக் கழற்றிக்கொண்டு.

அதனால் மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். ராஜினாமாவைத் திரும்ப வாங்கிவிட்டேன். கொத்தனார் சனிக்கிழமை வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம், ஐந்தாவது பெயர் ஒன்று வரப்போகிறது. பென்னி குவிக் படம் நல்லதாக ஒன்று கண்ணாடி போட்டு வேண்டும். ஞாயிறு காலைக்குள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கையில் கொடுத்துவிடுங்கள். தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.