உதை வாங்கிய நகல் இயந்திரம்

ரூப்பர்ட் ஹேக்தோர்ப் நகல் இயந்திரத்தை உதைத்தது பெரிய குற்றமில்லை. அந்த யார்க்‌ஷயர் பல்கலைக்கழகத்தில் அதை உதைக்காத தத்துவ ஆசிரியரே கிடையாது. ஆனால் எலெக்ட்ரானுக்கும் துளி உணர்வு உண்டு, அந்தத் துளிகள் மூளையில் ஒன்றுசேர்ந்துதான் மனிதனுக்கு மனம் வந்தது என்று தலையணைத் தடிமனில் புத்தகம் எழுதியவர் அவர் ஒருவர்தான். அதைக் காட்டித்தான் அன்று மதியம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல்.

உதைத்துவிட்டுத் திரும்பினால், தேர்வுக்குழுத் தலைவி ஹில்டா பிரம்லி தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். அப்படியே திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

பத்து நிமிடம் கழித்து ரூப்பர்ட் போய்க் கதவைத் தட்டினார்.

"மேடம், நான் உதைச்சது மெஷினை. அதுக்கு மனசு கிடையாது. உள்ள இருக்கிற எலெக்ட்ரானுக்குத்தான் உண்டு."

"அப்போ அதுக்கு வலிச்சிருக்குமே?"

"லேசா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய், ஹில்டா பார்க்கும்படியாக இயந்திரத்தைத் தடவிக்கொடுத்து, "எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்கப்பா" என்றார். எல்லாரும் என்றது எலெக்ட்ரான்களை. படித்த படிப்பு அப்படி.

ஹில்டாவின் முகம் சுருங்கியது. மன்னிப்பு போதவில்லை என்று நினைத்த ரூப்பர்ட், நேர்காணலில் உட்காரவே மறுத்துவிட்டார்.

"ஏன் நிக்கிறீங்க?" என்றார் ஹில்டா.

"நாற்காலிக்குள்ள இருக்கிறவங்களுக்குப் பாரமா இருக்கும்ல?"

"அத்தனை துளி இருந்தும் நாற்காலிக்கு மனசு வரல. உங்க மண்டையில மட்டும் எப்படி வந்துச்சு?"

"ஒண்ணு சேர்ந்துச்சு."

"அதான் எப்படி?"

"அது... அடுத்த புத்தகத்துல வருது."

குழுவில் ஐந்து பேர். ஐந்து மூளை ஒன்றுசேர்ந்தும் அதற்குமேல் ஒரு கேள்வி பிறக்கவில்லை. எல்லாரும் பிஸ்கட் கடித்தார்கள். ரூப்பர்ட் பிஸ்கட்டின் மீதும் இரக்கப்பட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

வெளியே நெடுநேரம் காத்திருந்தார். கடைசியில் ஹில்டாவின் செயலாளர் மோர்வெனா வந்தார்.

"சாரி டாக்டர். வேற ஆளைப் போட்டுட்டாங்க."

ரூப்பர்ட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்குத் தெரியும். அந்தப் பாழாப்போன உதையை மேடம் பார்த்துட்டாங்க."

"அட நீங்க வேற! அதைப் பார்த்துட்டு வந்துதான், 'இந்த ஆளு எழுதினதை இவரே நம்பல, புத்தி தெளிவாத்தான் இருக்கு, இவரையே போட்டுடலாம்'னு காலையில எங்கிட்ட சொன்னாங்க."