கோழி இல்லாத கோழி ஸார்

கோழிக்காரர்களில் இரண்டு வகை. கோழி வைத்திருப்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் கூட்டைத் திறந்து, தவிடு பிசைந்து வைத்து, காலில் மிதித்ததைக் கழுவிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவது வகை. இவர்களிடம் கோழி கிடையாது. கோழியைப் பற்றிய கருத்து உண்டு. அது தினம் ஒன்று போடும், சில நாள் இரண்டும் போடும். இந்த இனம் எல்லா ஊரிலும் கிடைக்கும் என்றாலும் மட்டாஞ்சேரி ரகம் கொஞ்சம் விசேஷம் என்பதால், அங்கே இருக்கும் சங்கர்ராமையே எடுத்துக்கொள்வோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இது வேறு யாரையோ பற்றியது என்றுதான் நினைப்பார்.

மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் படியை இன்றுவரை ஒரு முட்டைகூட ஏறியதில்லை. "கோழி வந்தா நான் எங்காத்துக்குப் போயிடுவேனாக்கும்" என்று மனைவி ஸ்வர்ணலதா சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் என்ன? நூற்று நாற்பது பேர் கொண்ட 'கொச்சிக் கோழிக் கூட்டம்' என்ற வாட்ஸப் குரூப்புக்கு அவர்தான் அட்மின். அங்கே அவர் பெயர் கோழி ஸார்.

நாட்டுக்கோழி எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை, இருந்தாலும் அவரிடம் வாங்கக் கூடாது, வாங்கினாலும் கழுத்தைத் தடவிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று தொடங்கி, கூட்டின் வாசல் எந்தத் திசை, வலைக்கண் எத்தனை விரல், கீழே மணலா உமியா, கீரி வந்தால் என்ன, மரநாய் வந்தால் என்ன என்று முழு ஆலோசனையும் வந்து சேர்வதற்குள், கேட்டவர் கடையில் உரித்த கோழி வாங்கிக் குழம்பே வைத்திருப்பார். சங்கர்ராம் கேள்வி கேட்பாரா? நிறையக் கேட்பார். பதிலைக் கேட்பாரா? அதற்கு அவருக்கு நேரமில்லை.

ஒரு நாள் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த ஸாதனா அவருக்குப் போன் செய்தாள். சென்னையில் மூன்றாவது மாடியில் பிறந்து வளர்ந்தவள், கணவனுக்கு மாற்றலாகி மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு வயது மகள் அதிதி கெஞ்சியதற்காக ஒரே ஒரு பெட்டைக்கோழி வாங்கியிருந்தாள்.

"சார், முட்டை மேல உட்கார்ந்துடுச்சு. எழுந்திருக்கவே மாட்டேங்குது."

"அடைக்கு இருக்கு, பேடிக்க வேண்டாம். எத்தனை முட்டை?"

"பதினொண்ணு."

"பேஷ்! ஒத்தைப்படையாக்கும் வைக்கணும். இருபத்தொண்ணு திவசம். பூவன் இருக்கோல்லியோ?"

இங்கேதான் கவனிக்க வேண்டும். கொச்சிக் கோழிப் பேச்சில் பூவன் என்றால் சேவல். சங்கர்ராம் வீட்டுத் தமிழில் மலையாளம் கலந்து எத்தனையோ காலமாகிவிட்டதால், பயம் பேடியாகவும் நாள் திவசமாகவும் மாறிப்போன அவர் வாயில் சேவல் என்ற சொல் எளிதில் வராது. ஸாதனா ஊரில் பூவன் என்றால் வாழைப்பழம்.

"இருக்கு சார். தினமும் ரெண்டு கொடுக்கறேன். நல்லாப் பழுத்ததாப் பார்த்து."

கோழி வளர்க்கும் எவரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தினம் இரண்டு சேவலா? அதுவும் பழுத்த சேவலா? ஆனால் சங்கர்ராமின் காது 'இருக்கு' என்பதோடு மூடிக்கொண்டது. கூட்டில் கரித்துண்டு வைப்பதைப் பற்றி அவர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார்.

சேவல் இல்லாமல் இட்ட முட்டை எந்தக் காலத்திலும் பொரியாது. உங்களுக்கு அது தெரியும், அடைக்கோழிக்குத் தெரியாது. குஞ்சு வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சரியாகத் தின்னாமல், குடிக்காமல், உடம்பு கரையக் கரைய உட்கார்ந்திருக்கும். அதிதி பதினொரு குஞ்சுகளுக்கும் பெயர் யோசித்து நோட்டில் எழுதி வைத்தாள்.

இருபத்தொன்றாம் நாள் வந்தது, போனது. "மழைக்காலமாக்கும். ஒண்ணு ரெண்டு திவசம் அங்கே இங்கே ஆகும்" என்றார் சங்கர்ராம். இருபத்துமூன்றாம் நாள் விஷயம் குரூப்புக்குப் போனது. வெந்நீர் தெளியுங்கள் என்றார் ஒருவர், தண்ணீரே படக் கூடாது என்றார் அடுத்தவர், இடி இடித்ததா என்றார் மூன்றாமவர். சங்கர்ராம் எல்லாவற்றையும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இடி தாக்காம இருக்க இரும்பாணி வெச்சேளோ? வெக்கலையா? அப்பறம் எப்படிப் பொரியும்?"

ஆணி வைத்தாள் ஸாதனா. இருபத்தாறாம் நாள் கோழியின் கொண்டை வெளுத்துப்போயிருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அம்மா, கோழி செத்துடுமா?" என்று அதிதி கேட்டாள். ஸாதனா உடனே போனை எடுத்தாள். ஒருமுறை நேரில் வந்து பாருங்கள் சார் என்று கூப்பிட்டாள்.

சங்கர்ராமுக்குப் பெருமை பாதி, உதறல் பாதி. உயிருள்ள கோழியை அவர் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்ததே இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு கூட்டுக்கு நான்கடி தள்ளி நின்று குனிந்தார். கோழி இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பையும் திரட்டிச் சீறியது. அவர் எட்டடி தள்ளிப்போய், "ஆரோக்யத்துக்கு ஒண்ணும் குறைவில்லை" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கீரைக் கூடையோடு வந்தாள் பாண்டிச்செல்வி. தென்காசிப் பக்கத்துக்காரி, பள்ளுருத்தியில் குடியிருக்கிறாள். கூடையை இறக்கிவிட்டுக் கோழிக்கு அடியில் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதருகே குலுக்கினாள். உள்ளே சலசலவென்றது.

"கூமுட்டை."

தன்னைத்தான் சொல்கிறாளோ என்று சங்கர்ராம் ஒரு கணம் திடுக்கிட்டார்.

"எல்லாம் கூமுட்டைம்மா. சேவல் எங்க நிக்கி?"

"சேவலா? இல்லையே."

"சேவலே இல்லாம அடை வச்சியளா?"

"பூவன்!" என்று கூவினார் சங்கர்ராம். "முதல் திவசமே கேட்டேனே, பூவன் இருக்கோன்னு!"

"கொடுத்தேனே சார், தினமும் ரெண்டு ரெண்டா!"

"எதை?"

"பூவம்பழம்."

கொஞ்சம் வெட்கமுள்ள மனிதர் இந்த இடத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போயிருப்பார். சங்கர்ராமின் முகம் மலர்ந்தது. கேள்வி சரி! கேட்ட நாளும் சரி! "பாத்தேளா, நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்" என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு நடந்தார். அதிதி அழுதுகொண்டிருந்ததை அவர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் அதற்கும் ஒரு யோசனை சொல்லியிருப்பார்.

மறுநாள் விடியும் முன்னே பாண்டிச்செல்வி வந்தாள். கீரைக் கட்டுகளுக்கு நடுவே அவள் வீட்டுக் கோழி பொரித்த நான்கு குஞ்சுகள். கூமுட்டைகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு அந்த இடத்தில் குஞ்சுகளைத் தள்ளினாள். கோழி முதலில் அசையவில்லை. பிறகு தொண்டைக்குள் கொக்கொக் என்று மெல்லக் கூப்பிட்டது, எழுந்தது, தண்ணீர் குடித்தது. பாண்டிச்செல்வி ஒரு வார்த்தை ஆலோசனை சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் ஏழு தெருவுக்குக் கீரை கொடுக்க வேண்டியிருந்தது.

ஸாதனா மரியாதை தெரிந்தவள். கோழியும் குஞ்சுகளுமாக ஒரு போட்டோ எடுத்துச் சங்கர்ராமுக்கும் அனுப்பி, நடந்ததையும் நீளமாக எழுதினாள். அவர் எழுத்தை விட்டுவிட்டுப் போட்டோவை மட்டும் குரூப்பில் போட்டார். மேலே ஒரே வரி: "இருபத்தேழாம் திவசம்! பொறுமை வேணும்." பொய் சொன்னாரா? இல்லையே, ஒவ்வொரு சொல்லும் உண்மை. தொண்ணூற்றாறு பேர் கைதட்டினார்கள். அதைப் படித்த நாளிலிருந்து போர்ட் கொச்சியில் அனில் என்பவர் தன் அடைக்கோழியை எழுப்பவே இல்லை. அது அடைக்கு உட்கார்ந்து இன்று முப்பதாம் நாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படிக்கும்போதே, ஏழாம் நாள் முட்டையில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் உள்ளே கரு இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்குமே என்று உள்ளே ஒரு குரல் எழுந்ததல்லவா? அந்த அனிலின் நம்பர் கிடைத்தால் இப்போதே நாலு வார்த்தை சொல்லலாமே என்று கை பரபரக்கிறதல்லவா? தாராளமாகச் சொல்லுங்கள், பாவம், கோழியாவது பிழைக்கும். ஆனால் முதலில் அவர் பேசி முடிக்கட்டும். உங்களால் முடியுமா?