உங்கள் அக்காவின் தக்காளிச் சிவப்பு

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நலம் என்று எழுதினால் பொய் சொன்ன பாவம் வரும். அங்கு நீங்களாவது குடும்பத்தோடு நலமாக இருங்கள்.

உங்கள் அக்காவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று போனில் சொன்னீர்கள். நான் வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். இப்போது நானே சொல்கிறேன், சேர்த்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள். என்னால் முடியவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதையே அவள் மறந்துவிட்டாள். எங்கள் சமையலறைதான் இப்போது ஆய்வுக்கூடம், வங்கியில் முத்திரை குத்திக்கொண்டிருந்த நான்தான் உதவியாள். தக்காளியின் சிவப்பைத் தனியே பிரித்தெடுக்க, விடிந்ததும் விழுதை எண்ணெயில் காய்ச்ச வேண்டும், வெளிச்சம் பட்டால் அந்தச் சிவப்பு கெட்டுவிடுமாம், அதனால் ஜன்னலெல்லாம் போர்வை, இருட்டில் மேசைக்காலில் இடித்து என் கால் கட்டைவிரல் தக்காளியைவிடச் சிவந்து கிடக்கிறது, போன வாரம் விழுது தீய்ந்து புகை கிளம்ப, பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, அடுப்பை விட்டுவிட்டு என்னை அணைத்துவிட்டுப் போனார்.

"சூடு பட்டா, நேரா இருக்கிற மூலக்கூறு வளையும் தம்பி. வளைஞ்சது கரைப்பான்ல கரைஞ்சு கீழ இறங்கிடும். நேரா நிக்கிறது வடிதாள்லயே தங்கிடும். இதுகூடத் தெரியாத ஆளை யாரு வேலைக்கு எடுத்தது?" என்கிறாள்.

தம்பி என்பது அடியேன்தான். கரைப்பான் தீப்பிடித்துத் தொலைக்குமே என்று பயந்து, அந்தச் சீசாவில் அதற்குப் பதில் தண்ணீரை நிரப்பி வைத்தேன். ஊற்றிய மறுநிமிடமே பிடித்துவிட்டாள். "என்ன தம்பி, எண்ணெய் மிதக்குது? யாரை ஏமாத்துறீங்க?" அந்தச் சிவப்பு எதில் கரையும், எதில் கரையாது என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது, மைத்துனரே. கூடவே வாழ்ந்த என் முகம் நினைவில்லை. வீடு இருட்டாக இருப்பதில், அழுவதற்கு மட்டும் வசதி.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவியைக் கேட்டதாகச் சொல்லவும். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உங்கள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பப் பாத்தாலும் இங்கயே இருக்கீங்களே தம்பி, வீட்டுல தேட மாட்டாங்களா?"

"வீட்டுக்காரி வெளிய போயிருக்கா மேடம். எப்ப வருவான்னு தெரியல."

"அப்ப அவங்க வர்ற வரைக்கும் இங்கயே இருங்க. தனியா அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், மைத்துனரே. அவள் வரும் வரைக்கும் நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.